நாலாம் இளவரசர் ரொம்ப பிஸி

ஒரு ரயில் கவிழப் போகிறது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டி முதலில் தடம் புரளும், யார் யார் பிழைப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும் தெரியும். நீங்களும் அதே ரயிலில்தான் இருக்கிறீர்கள். எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர், 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டுவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துப் பாதி புளியோதரையை உங்கள் பக்கம் நகர்த்துகிறார். அவர் பெயர் இறந்தவர்கள் பட்டியலில் இருக்கிறது. வாங்கிச் சாப்பிடுவீர்களா?

வாங்கிச் சாப்பிட்டாள் ஒருத்தி. பெயர் ஜாங் ஷியாவ். வயது 25. சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் வேலை பார்க்கிற, நம் ஊர் கிண்டியிலோ தரமணியிலோ தினமும் பார்க்கிற மாதிரியான பெண். காதலனோடு நடுத்தெருவில் சண்டை. மின்சாரம் தாக்கி விழுகிறாள். கண் விழித்தால், காங்ஷி சக்ரவர்த்தியின் 43-ம் ஆண்டு. நம் கணக்கில் 1704. பீகிங்கில் ஓர் இளவரசரின் மாளிகை. உடம்பும் அவளுடையது இல்லை. ருவோஷி என்கிற மஞ்சு பிரபுகுலப் பெண்ணுடையது. அக்காள், அந்த வீட்டு எட்டாம் இளவரசரின் மனைவிகளில் ஒருத்தி.

டிவி சீரியல்தான். சீன மொழியில் பெயர் 'பூ பூ ஜிங் ஷின்'. அடிக்கு அடி நெஞ்சு நடுங்கும் என்று அர்த்தம் சொல்லலாம். தோங் ஹுவா என்ற பெண் எழுத்தாளர் முதலில் இணையத்தில் தொடராக எழுதி, பிறகு புத்தகமாக வந்த நாவல். 2011 செப்டம்பரில் ஹுனான் டிவியில் 35 பகுதிகளாக ஒளிபரப்பானது. சீனா கிறுகிறுத்துப் போனது.

சீரியலுக்குப் போய் சரித்திரப் பத்தியா என்று முகம் சுளிக்காதீர்கள். இந்தச் சீரியலில் வருகிற இளவரசர்கள் அத்தனை பேரும் நிஜம். கூடப் பிறந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கவிழ்த்ததும் நிஜம். ருவோஷி கற்பனை. அவள் கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் அப்பா காங்ஷியிடம் போய்விட்டு வரவேண்டும்.

காங்ஷி, பால் பல் விழுகிற வயதில் 1661-ல் அரியணை ஏறியவர். 61 வருடம் ஆண்டார். அவ்வளவு காலம் சீனாவை ஆண்ட சக்ரவர்த்தி வேறு யாருமே கிடையாது. தைவான், திபெத், மங்கோலியா என்று எல்லைகளை விரித்தார். ஐரோப்பியப் பாதிரிமார்களை உட்கார வைத்து கணிதம் கற்றார். எல்லாம் சரி. பிள்ளைகள் விஷயத்தில்தான் சறுக்கல். பிறந்த ஆண் குழந்தைகள் 35. பிழைத்து, அரண்மனைப் பட்டியலில் வரிசை எண் பெற்றவர்கள் 24.

வரிசை எண்தான் முக்கியம். இரண்டாமவர் யின்ரெங், பட்டத்து இளவரசர். நாலாமவர் யின்ஜென். எட்டாமவர் யின்ஸி. பதிமூன்றாமவர், பதினான்காமவர் என்று போகும். பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் நீங்களும் நம்பரையே வைத்துக்கொள்ளுங்கள். சீன ரசிகர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாமவரைத் தவழும் வயதிலேயே வாரிசு என்று அறிவித்துவிட்டார் அப்பா. சரியாக முப்பத்து மூன்று வருடம் கழித்து, 1708-ல் கீழே இறக்கினார். அடுத்த வருடமே மறுபடி ஏற்றினார். 1712-ல் மறுபடி இறக்கினார். இந்த முறை நிரந்தரமாக. ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அப்பாவுக்கு வயதாகிறது, வளர்ந்த பிள்ளைகள் ஒரு டஜனுக்கு மேல். அப்புறம் என்ன நடக்கும்?

1708-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். 'யாரை வாரிசாகப் போடலாம், நீங்களே சொல்லுங்கள்' என்று மந்திரிகளிடம் கேட்டார் காங்ஷி. தாராள மனசு என்று நினைத்துவிட்டார்கள் பாவம். 'எட்டாமவர்' என்று ஏகோபித்த குரலில் சொன்னார்கள். எட்டாமவர் அப்படிப்பட்டவர். இனிமையாகப் பேசுவார். நாலு பேருக்கு உதவுவார். அம்மா, அரண்மனை ஊழியப் பிரிவிலிருந்து வந்தவள் என்பதால் கீழே இருப்பவர்களின் கஷ்டம் தெரியும். காங்ஷிக்கு ரத்தம் கொதித்தது. நான் உயிரோடு இருக்கும்போதே இவனுக்கு இவ்வளவு கூட்டமா? அன்றோடு எட்டாமவரின் ஜாதகம் தலைகீழ்.

1714-ல் இன்னொரு கூத்து. எட்டாமவர் அப்பாவுக்கு அன்பளிப்பாக இரண்டு வேட்டைப் பருந்துகளை அனுப்புகிறார். வந்து சேரும்போது இரண்டும் சாகக் கிடந்தன. கிழவனே, உன் கதையும் இப்படித்தான் என்று சொல்லாமல் சொல்கிறானா? சபையில் வைத்து, அவன் அம்மாவின் பிறப்பை இழுத்து, அப்பன் பிள்ளை உறவே முடிந்தது என்று தீர்த்தார் காங்ஷி. பருந்துகளை யார் என்ன செய்தார்கள் என்பது இன்றுவரை மர்மம். எட்டாமவரே செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை அவர்.

இப்போது ருவோஷியிடம் வாருங்கள்.

அவளுக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரியும். சரித்திரம் படித்தவள். 1722-ல் காங்ஷி சாவார், நாலாமவர் யோங்ஜெங் என்ற பெயரில் சக்ரவர்த்தி ஆவார், 1726-ல் எட்டாமவர் கதை முடிந்துவிடும் என்பதெல்லாம் பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட வருடங்கள். அதனால் முதல் சில பகுதிகளில் அவள் ரொம்ப உஷார். இளவரசர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் பாடப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். இவன் ஜெயிப்பான், இவனிடம் ஒழுங்காக இருக்க வேண்டும். இவன் தோற்பான், இவனிடம் தள்ளி நிற்க வேண்டும். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அருமையான ரிஸ்க் மேனேஜ்மென்ட். திரும்பிப் போக வழி தேடிக்கொண்டே இருக்கிறாள். அந்த ஊர் பிடிக்கவில்லை, ஆசாரம் பிடிக்கவில்லை, எந்நேரமும் மண்டியிடுவது பிடிக்கவே இல்லை.

பிறகு பனி பெய்கிறது. எட்டாமவர் அவளோடு ஒன்றும் பேசாமல் நடந்து வருகிறார். அக்காள் தலை வாரிவிடுகிறாள். பத்தாமவர் அசட்டுத்தனமாக ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கிறார். பதிமூன்றாமவர் குதிரையில் தூக்கிப் போய், விடிய விடிய குடித்துக்கொண்டு பேசுகிறார். ஷென்ஜென் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. எந்த இடத்தில் அவள் திரும்பிப் போக வழி தேடுவதை நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். குறிப்பாக அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்றே இரண்டாம் தடவை உட்கார்ந்தேன். பிடிபடவில்லை. சொந்த ஊரை விட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஊர் எந்தத் தேதியில் உங்கள் ஊர் ஆனது? சொல்லத் தெரியாது.

எட்டாமவரிடம் மனசைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் 1726 என்ற எண்ணுக்கு ரத்தமும் சதையும் வந்தது. ஒரு பேரம் பேசினாள். அரியணை ஆசையை விட்டுவிடு, நான் உன்னோடு வருகிறேன். இல்லையென்றால் இத்தோடு சரி. அவர் யோசித்தார். முடியாது என்றார். பிரியும்போது மனசு கேட்காமல் ஒரே ஒரு காரியம் செய்தாள். நாலாமவரிடம் ஜாக்கிரதை, அவருடைய ஆட்கள் இன்னார் இன்னார், அவர்களிடமும் ஜாக்கிரதை என்று பெயர்களைச் சொல்லிவிட்டாள்.

இந்த எச்சரிக்கையை மறந்துவிடாதீர்கள். வட்டியும் முதலுமாகத் திரும்ப வரும்.

வருடங்கள் போகின்றன. அரண்மனையில் காங்ஷிக்குத் தேநீர் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். இப்போது நாலாமவர் நெருங்குகிறார். சிரிக்காத ஆசாமி. அவரிடம் ஒருநாள் நேராகவே கேட்கிறாள்: அரியணை வேண்டுமா உங்களுக்கு? அந்தக் காலத்தில் அதற்கு ஆமாம் என்று வாய் திறந்து சொன்னால் தலை போகும். அவர் ஆமாம் என்கிறார். எல்லோரும் பொய் பேசுகிற வீட்டில் ஒருத்தன் உண்மை பேசிவிட்டான். அங்கே விழுந்தாள். யார் ஜெயிப்பார் என்று தெரிந்தே ஜெயிக்கிற பக்கம் சாய்ந்தாள் என்று சிலர் சொல்வார்கள். அப்படியென்றால் முதல் பகுதியிலேயே சாய்ந்திருக்கலாமே? எட்டாமவரிடம் அத்தனை வருடம் வீணடித்திருக்க வேண்டாமே?

நிஜ நாலாமவர் எப்படிப்பட்டவர்?

இங்கேதான் எனக்கு ஒரு பலவீனம். கணக்கு நோட்டைத் தேடிப் பிடித்துச் சரி பார்க்கிற ராஜாவை எனக்குப் பிடித்துப்போகும். யோங்ஜெங் அப்படி ஒரு பிறவி. பட்டம் ஏறிய கையோடு, 1723-ல் ஒரு தணிக்கை அலுவலகம் திறந்தார். பொறுப்பு, பதிமூன்றாம் தம்பியிடம். கஜானாவில் கைவைத்தவர்கள், அவர்கள் சொந்தத் தம்பிகளாகவே இருந்தாலும், வீட்டுச் சாமான்களை விற்றுக் கட்ட வேண்டும்.

அந்தக் காலத்துச் சீனாவில் வரியை வெள்ளியாகக் கட்டுவார்கள். துண்டு துண்டாக வருகிற வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கும்போது கொஞ்சம் சேதாரம் போகும் இல்லையா? நம் நகைக்கடைச் சேதாரம் மாதிரியேதான். அந்தச் சேதாரத்துக்கென்று உள்ளூர் அதிகாரிகள் மக்களிடம் கூடுதலாக வசூலித்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது. சம்பளம் சொற்பம் என்பதால் அப்பா காங்ஷி அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? 1724-ல் அந்தச் சேதாரக் கட்டணத்தை சட்டபூர்வமாக்கினார். மாகாணக் கஜானாவுக்கு வரவேண்டும், அதிலிருந்தே அதிகாரிகளுக்குக் கௌரவமான ஒரு கூடுதல் சம்பளம். அதற்குப் பெயர், நேர்மையை வளர்க்கும் வெள்ளி. லஞ்சத்தை வரவு செலவுப் புத்தகத்துக்குள் இழுத்துப் போட்டுச் சம்பளமாக மாற்றிய புத்தி சாதாரணமானது இல்லை.

ராத்திரி முழுக்க சிவப்பு மையில் கோப்புகளின் ஓரத்தில் எழுதித் தள்ளுவார். திட்டுவார், கொஞ்சுவார், கிண்டலடிப்பார். தலைமுறை தலைமுறையாக இழிந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த இசைக் குடிகளை 1723-ல் அந்த இழிநிலையிலிருந்து விடுவித்து, சாதாரணக் குடிமக்கள் பட்டியலில் சேர்த்தார். இது வரவுப் பக்கம்.

பற்றுப் பக்கம்? எட்டாமவரை 1726-ல் ராஜவம்சப் பட்டியலிலிருந்தே நீக்கினார். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். இனி 'அகினா'. ஒன்பதாம் தம்பிக்கு 'ஸெஸிஹே'. நாய், பன்றி என்று பல காலம் அர்த்தம் சொன்னார்கள். மஞ்சு மொழி அறிஞர்கள் இப்போது வேறு அர்த்தம் சொல்கிறார்கள். எதுவானாலும் அவமானம் அவமானம்தான். அந்த வருடமே இரண்டு பேரும் சிறையில் செத்துப்போனார்கள். நோய் என்றது அரசுத் தரப்பு. பதினான்காம் தம்பி, ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவன், அப்பாவின் கல்லறையைப் பார்த்துக்கொள் என்று அனுப்பப்பட்டு, பிறகு காவலில் வைக்கப்பட்டான். அரியணை ஏற உதவிய லாங்கோதோவும் நியென் கெங்யாவும்கூட மிஞ்சவில்லை.

அதற்கு மேல் ஒரு வதந்தி. காங்ஷி 1722 டிசம்பரில் செத்தபோது, பதினான்காமவர் மேற்கே படையோடு இருந்தார். உயிலில் 'பதினான்காம் மகனுக்கு' என்று இருந்ததை நாலாமவர் திருத்திவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. சீன எழுத்தில் பத்து என்பது ஒரு கூட்டல் குறி. அதன் தலையில் ஒரு கோடு, காலில் ஒரு கொக்கி போட்டால், நம் 'க்கு' உருபு மாதிரி ஒரு சொல் ஆகிவிடும். பதினான்கு, நாலு ஆகிவிடும். செக்கில் சைபர் சேர்க்கிற டெக்னிக்! கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அரசு ஆவணங்களில் மகனின் எண்ணுக்கு முன்னால் சக்ரவர்த்தியைக் குறிக்கும் ஓர் எழுத்து வந்தாக வேண்டும். திருத்தினால் வாக்கியமே உளறலாகிவிடும். தவிர, ஆணைகள் மஞ்சு மொழியிலும் எழுதப்படும். அங்கே இந்தக் கொக்கி வேலைக்கு ஆகாது. நாலாமவர் எப்படி வாரிசானார் என்பது பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இந்தக் கொக்கிக் கதையை மட்டும் பெரும்பாலானவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

யோங்ஜெங் இதற்குச் செய்த காரியம் உலக சரித்திரத்தில் அபூர்வம். 1728-ல் ஹுனானில் ஜெங் ஜிங் என்ற ஒரு வாத்தியார், ராஜாவுக்கு எதிராகக் கிளம்புங்கள் என்று ஒரு தளபதிக்குக் கடிதம் அனுப்பி மாட்டிக்கொண்டார். அப்பாவுக்கு சதி செய்தவன், அம்மாவைச் சாக விட்டவன், சகோதரர்களைக் கொன்றவன் என்று குற்றப்பட்டியல். தலையைச் சீவியிருக்க வேண்டும். மாறாக, சக்ரவர்த்தி உட்கார்ந்து ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பதில் எழுதினார். குற்றச்சாட்டு, பதில், வாத்தியாரின் மன்னிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாக அச்சடித்து நாடு முழுக்க அனுப்பினார். வாத்தியாரை விடுதலையும் செய்தார். விளைவு? அதுவரை அந்த வதந்தியைக் கேள்விப்படாதவனுக்கும் அரசாங்கச் செலவில் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. 1735-ல் யோங்ஜெங் போய்ச் சேர்ந்தார். மகன் சியென்லொங் வந்ததும் முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார். வாத்தியாரைப் பிடித்துக் கொன்றார்.

அதற்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யோங்ஜெங் கதைகளில் வில்லன். தூரத்திலிருந்தே தலையைக் கொய்யும் பறக்கும் கருவி வைத்திருந்தவர் என்று கதை கட்டினார்கள். 1975-ல் ஹாங்காங்கில் அதை சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். 1999-ல் சீன அரசுத் தொலைக்காட்சியில் 'யோங்ஜெங் வம்சம்' என்று ஒரு சீரியல் வந்து ஆளை நிமிர்த்தியது. ஊழலை ஒழிக்க ராப்பகலாக உழைத்த தனி மனிதர். வில்லன், கடமை வீரர் ஆனார். 2011-ல் காதலர் ஆனார்.

ஒரு காதலியோடு நிற்கவில்லை. அதே 2011 ஜனவரியில், அதே ஹுனான் டிவியில், 'கோங்' என்ற இன்னொரு சீரியல். அதிலும் இக்காலப் பெண், அதிலும் காங்ஷி காலம், அதிலும் நாலு, எட்டு. இணையத்தில் ஏகப்பட்ட நாவல்கள். எல்லாப் பெண்களும் கிளம்பி ஒரே வருடங்களுக்குள் போய்க் குதிக்கிறார்கள். 'நாலாம் அய்யா ரொம்ப பிஸி' என்று சீன இளைஞர்கள் ஜோக்கடித்தார்கள். அவரை ஆதரிக்கிறவர்கள் நாலாமவர் கட்சி, மற்றவர்கள் எட்டாமவர் கட்சி. முன்னூறு வருடத்துக்கு முந்தைய அரண்மனைக் கோஷ்டிச் சண்டைக்கு மறுபடி ஆள் சேர்ந்தது.

அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? 2011 மார்ச் கடைசியில், ஒளிபரப்பு, சினிமா, தொலைக்காட்சியைக் கவனித்துக்கொண்டிருந்த அப்போதைய துறையிலிருந்து அறிவுரை வந்தது. காலப் பயணக் கதைகள் சரித்திரத்தை இஷ்டத்துக்கு வளைக்கின்றன, மூட நம்பிக்கையையும் விதிவாதத்தையும் மறுபிறவியையும் பரப்புகின்றன என்று புகார். மேற்கத்தியப் பத்திரிகைகள் 'சீனாவில் காலப் பயணத்துக்குத் தடை' என்று கொட்டை எழுத்தில் போட்டுச் சிரித்தன. முழுத் தடை கிடையாது. ஆறு மாதம் கழித்து ருவோஷி வந்ததே அத்தாட்சி.

சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அதிகாரிகளின் பயம் முழு அபத்தமா? ஷென்ஜென் என்பது புதிய சீனாவின் காட்சிப் பொருள். மீன்பிடிக் கிராமங்களாக இருந்து வானுயரக் கட்டடங்களாக வளர்ந்த ஊர். அங்கே கைநிறையச் சம்பாதிக்கிற ஒரு பெண், மண்டியிட வேண்டிய, வாய் திறந்தால் தலை போகிற 1704-க்குப் போகிறாள். கொஞ்ச காலத்தில் அதுவே போதும் என்கிறாள். பார்க்கிற லட்சக்கணக்கான பெண்கள் தலையாட்டுகிறார்கள். நிகழ்காலத்தைப் பற்றி இதைவிட மோசமான கருத்துக் கணிப்பு இருக்க முடியுமா?

இந்த வியாதி சீனாவுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். பிபிசியில் 2006, 2007 வருடங்களில் 'லைஃப் ஆன் மார்ஸ்' என்று ஒரு தொடர். சாம் டைலர் என்ற மான்செஸ்டர் போலீஸ்காரர் விபத்தில் சிக்கி 1973-ல் கண் விழிப்பார். சந்தேகப்பட்டவனை அடித்து உண்மை வாங்குகிற, பெண் போலீஸைக் கேலி பேசுகிற, அறை முழுக்க சிகரெட் புகை மண்டிய ஸ்டேஷன். பதினாறு பகுதிகளும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று துடிப்பார். கடைசியில் நிஜமாகவே திரும்பி வருவார். கண்ணாடி அறையில் ஒரு மீட்டிங். கையில் ரத்தம் வருகிறது, வலிக்கவில்லை. எழுந்துபோய் மொட்டை மாடியிலிருந்து குதித்துவிடுவார், 1973-க்கு. பிரிட்டிஷ் அரசு இதற்கெல்லாம் அறிவுரை சொல்லவில்லை. அவரவர் தலையெழுத்து.

சாமுக்கும் ருவோஷிக்கும் ஒரு பெரிய வித்தியாசம். சாம் போன இடத்தில் அவர் ஆண், அதிலும் அதிகாரி. ருவோஷிக்கு அந்தச் சலுகை பாதிதான் கிடைத்தது. பிரபுகுலத்து உடம்பு என்பதால் பனியையும் கவிதையையும் ரசிக்க முடிந்தது. அவளோடு வேலை செய்த யூதான் என்ற பணிப்பெண்ணுக்கு அந்த உடம்பு இல்லை. தங்கை மாதிரிப் பழகியவள். ஒன்பதாமவருக்கு வேவு பார்த்தாள் என்று தெரிந்ததும், சக்ரவர்த்தியாகிவிட்ட நாலாமவர் அவளை உயிரோடு ஆவியில் வேகவைக்கச் சொல்கிறார். மற்றப் பணியாளர்கள் நின்று பார்க்க வேண்டும். இது சீரியல் கற்பனை. ஆனால் அந்த அரண்மனைக்குப் பொருந்தாத கற்பனை என்று சொல்லிவிட முடியாது. முப்பது பகுதிகளாக, 'ஐயோ, எவ்வளவு அழகான காலம்' என்று உருகிக்கொண்டிருந்த நமக்கு அங்கே பொறி கலங்கும். நாம் யாராகப் போய் இறங்கலாம் என்று கற்பனை செய்துகொண்டிருந்தோம்? யூதானாகவா?

கூடவே அந்தப் பழைய எச்சரிக்கையும் வந்து நிற்கிறது. நாலாமவரிடம் ஜாக்கிரதை என்று அவள் சொன்னதால்தான் எட்டாமவர் முந்திக்கொண்டு சூழ்ச்சி செய்தார். அந்தச் சூழ்ச்சியில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பதிமூன்றாமவர் பத்து வருடம் அடைபட்டுக் கிடந்தார். அதற்குத்தான் நாலாமவர் இப்போது பழி வாங்கிக்கொண்டிருக்கிறார். அதாவது, 1726-ஐத் தடுக்கப் போனவள்தான் 1726-ஐ உண்டாக்கியவள். நிஜ சரித்திரத்தில் பதிமூன்றாமவருக்கு அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு பட்டமும் கிடைக்கவில்லை. ஏன் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. அந்த ஓட்டையில் நாவலாசிரியை தன் கதாநாயகியை நுழைத்துவிட்டார். கில்லாடி.

அரண்மனையை விட்டு வெளியேறுகிறாள் ருவோஷி. சாகிற நேரத்தில் நாலாமவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள், ஒருமுறை வந்து பாருங்கள் என்று. அதைத் தன் கையெழுத்து போட்ட உறையில் வைத்து அனுப்புகிறார் பதினான்காமவர். நல்ல எண்ணத்தில்தான். தம்பியின் கையெழுத்தைப் பார்த்த அண்ணன், மறுபடி வம்புக்கு இழுக்கிறான் என்று பிரிக்காமலேயே ஒதுக்கி வைத்துவிடுகிறார். பிரிக்கும்போது அவள் இல்லை.

கண் விழிக்கிறாள். ஆஸ்பத்திரி. இத்தனை நாள் ஏங்கிய வீடு. முதல் வேலையாகச் சரித்திரப் புத்தகங்களைத் தேடுகிறாள். ருவோஷி என்று ஒரு பெயர் எங்குமே இல்லை. கண்காட்சி ஒன்றில் பழைய ஓவியம், அதன் ஓரத்தில் தன்னைப் போலவே ஒரு பெண். திரும்பினால், நாலாமவர் ஜாடையில் ஓர் இளைஞன். அவள் கண்ணில் தண்ணீர். அவன் யாரோ என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறான்.

2016-ல் கொரியாக்காரர்கள் இதே கதையைத் தங்கள் கோர்யோ வம்சத்துக்கு மாற்றி எடுத்தார்கள். என் மகள் கைபேசியில் அதைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததில்தான் எனக்கு இந்தக் கிறுக்கே ஆரம்பம். 'அப்பா, இவன் நெஜமாவே இருந்தானா?' என்றாள். இருந்தான் என்றேன். குவாங்ஜோங், 949 முதல் 975 வரை ஆண்ட நாலாவது ராஜா. 956-ல் அநியாயமாக அடிமையாக்கப்பட்டவர்களை விடுவிக்கச் சட்டம் போட்டவன், பின்னாளில் சந்தேகப்பட்டவர்களையெல்லாம் கொன்று குவித்தவன். 'நல்லவனா கெட்டவனா, ஒண்ணு சொல்லு' என்றாள். சொல்லத் தெரியவில்லை. 'உனக்குப் பிடிச்சிருக்கா?' என்று கேட்டேன். 'அதான் பிரச்னையே' என்றாள்.

எட்டாமவர் பாக்கி இருக்கிறார். 1778-ல், தம்பிகள் செத்து 52 வருடம் கழித்து, கிழவராகிவிட்ட சியென்லொங் பழைய கோப்புகளை எடுக்கச் சொன்னார். அப்பா நீக்கிய இரண்டு சித்தப்பாக்களின் பெயர்களையும் ராஜவம்சப் பட்டியலில் மறுபடி எழுதச் சொன்னார். அகினா என்று இருந்த இடத்தில் சொந்தப் பெயர் வந்தது. அப்போது அண்ணன், தம்பி, அவர்களுக்காக அழுதிருக்கக்கூடிய பெண்கள் யாருமே உயிரோடு இல்லை.